ஏட்டையாவின் விரல்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடுமுங்க, இக்கட்டால இதுல உக்காருங்க. லேத்துக்காரர் அட்ரஸ்தான வேணும்? குடுக்கறனுங்க. அது எங்கயும் ஓடிப் போயிராது. கோயமுத்தூர் துப்பாக்கிக் கடையில என்ன சொல்லி அனுப்பிச்சாங்கன்னு மொதல்ல சொல்லுங்க. மில்லுக்கார மயில்சாமி வெச்சிருக்கற பிஸ்டல்ல டிரிக்கரு வெண்ணெயாட்ட இருக்கும், போயி இழுத்துப் பாருங்கன்னா? அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க. அந்தக் கடையில போயி நானே பத்து ஆளுகிட்ட அப்பிடிச் சொல்லியிருக்கறேன்.

உங்களுது புதுசுங்களா? லைசென்ஸு கெடைக்க எத்தனை வருசமாச்சு? மூணா? பரவால்லைங்க, எனக்கு நாலு. உடுமலைக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணைன்னு சொன்னீங்க. பண்ணைக்குள்ளயே குடித்தனம், சுத்தி ரெண்டு மைலுக்கு வேற வீடில்லை. துப்பாக்கி வேணுமுன்னு தோணத்தான் செய்யும். நான் குத்தம் சொல்லலைங்க.

உங்களுக்கும் அதே கஷ்டந்தான, முதல் இழுப்பு? அந்த மாடலே அப்பிடித்தானுங்க. குண்டை அடிக்கற சுத்தி கீழ படுத்துக் கெடக்கும். நீங்க டிரிக்கரை இழுத்தா அந்த ஒரே இழுப்புதான் சுத்தியைத் தூக்கிப் பின்னால கொண்டு போயி விட்டு அடிக்கோணும். அதனால முதல் இழுப்பு கனமாவும் இருக்கும், நீளமாவும் இருக்கும். கெணத்துல ஒரு கொடம் தண்ணி சேந்தறாப்பிடி. ரெண்டாவது குண்டுல இருந்து சுத்தி தானா மேல நின்னுக்கும், லேசாயிரும். ஆனா நமக்கு வேண்டியது முதல் குண்டுதான. வாசப்படியில எவனோ நிக்கறப்ப ரெண்டாவது குண்டைப் பத்தி யாரு ரோசனை பண்ணுவா.

பத்து வருசமா எனக்கு அந்தக் கனம் ஒரு சங்கடமா இல்லைங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஆனமலைக்கு அக்கட்டால ஒரு தோட்டத்துச் சாளை வீட்டுல வயசான புருசன் பொண்டாட்டியக் கட்டிப் போட்டு அடிச்சுட்டு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டானுக. பட்டப்பகல்லயேங்க. அந்தம்மா பொறவு எந்திரிக்கவே இல்லை. எளவுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே நான் சம்சாரத்தைக் கூப்பிட்டேன். வசந்தாமணி, நான் மில்லுல இருக்கறப்ப நீ இங்க தனியா இருக்கற, இதைப் பழகிக்கோன்னு குண்டில்லாத பிஸ்டலைக் கையில குடுத்தேன். அவ ரெண்டு விரலு போட்டு இழுக்கறா, வரமாட்டேங்குது. மேல இருக்கற ஸ்லைடைப் பின்னால இழுக்கச் சொன்னேன், அதுக்கும் கையில வலுவில்லை. எனக்கு இது வேண்டாமுங்க, அருவாமணை போதும்னு மேசை மேல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்காகத்தானுங்க நான் எல்லாமே செஞ்சேன். அதை மட்டும் நெனப்புல வெச்சுக்கோங்க.

துப்பாக்கியில கை வெக்கோணுமுன்னா லைசென்ஸ் இருக்கற கடையிலதான் குடுக்கோணும். சட்டம் அப்பிடி, எனக்கும் தெரியும். கடைக்காரரு, கம்பெனி எப்பிடிக் குடுத்துதோ அப்பிடியே இருக்கட்டுமுங்கன்னு சொல்லிட்டாரு. நம்மூரு பளக்கம் உங்களுக்குத் தெரியாததா? கம்பெனிக்காரன் முடியாதுன்னா லேத்துக்காரங்கிட்டப் போவோம். எம்பட மில்லுல தேங்கா நாரு மிசினு ஷாப்ட்டு ஒடைஞ்சா லேத்துக்கார நாகராசுதான். போர்வெல் மோட்டாரு, கரும்புச்சாறு மிசினு, கோயில் தேருக்கு அச்சு, எல்லாம் நாகராசுதான். அவங்கிட்டப் பிஸ்டலைக் கொண்டு போறதுக்கு எனக்கு ஒரு நிமிசங்கூட ஒறுத்தலைங்க. மோட்டாரை எடுத்துட்டுப் போறாப்பிடித்தான் மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். அவனும் பிரிச்சு, ஒரு ஸ்பிரிங்கை மாத்தி, எங்கெங்கயோ தேச்சு, மூணாம் நாளு குடுத்தான். கை சுத்தமான ஆளுங்க, வேலையில குறை சொல்ல முடியாது. அங்கயே நின்னு இழுத்துப் பாத்தேன். விரலை வெச்சதுதான் தெரியும், சுத்தி எந்திரிச்சு டொக்குன்னு விளுந்துருச்சு. சின்னப் பையனாட்ட இன்னொருக்கா இழுத்தேன், இன்னொருக்கா இழுத்தேன். நாகராசு சிரிச்சான்.

வசந்தாமணி அதைத் தொட்டாளான்னு கேக்கறீங்களா? தொடலைங்க. ஒரு நாளும் தொடலை. இப்ப லேசாயிருச்சு, வந்து இழுத்துப் பாருன்னா, எனக்குத்தான் வேண்டாமுன்னு அன்னைக்கே சொன்னனேங்கறா. அவ தொடலைங்கறதுக்காக நான் சும்மா இருக்க முடியுமுங்களா. மாப்பிள்ளை வந்தா காட்டினேன், சம்பந்தி வந்தா காட்டினேன். தேங்கா வேவாரிகூட இழுத்துப் பாத்திருக்கறாரு. ஒறம்பரை, விருந்தாளி யாரு வந்தாலும் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பீரோவைத் தொறந்துருவேன். அந்த விசயத்தைச் சொல்லாத ஆளுன்னு பாத்தா ஒருத்தருதான். அவருக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கோணும்.

ஏட்டையாவைச் சொல்றேன். சேசுராசு. திண்டுக்கல்லுக்காரரு. எங்க போலீஸ் டேசன்ல ரைட்டரு. உங்களுக்கு இன்னும் எலெக்சன் வரலை, வந்தா தெரியும். தேதி அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கி அத்தனையும் டேசன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோணும், எலெக்சன் முடிஞ்சு போயி வாங்கிக்கோணும். பஞ்சாயத்து, சட்டசபை, பார்லிமெண்டுன்னு பத்து வருசத்துல ஆறேழு தடவை இந்தப் பிஸ்டலை நான் குடுத்ததும் அவருகிட்டத்தான், வாங்கினதும் அவருகிட்டத்தான். முத்து முத்தா எளுதுவாரு. நான் போனா, வாங்க மில்லுக்காரரே, காலிங்களான்னு கேப்பாரு. காலிங்க ஏட்டையாம்பேன். பொறவு அவரு வேலையைச் செய்வாரு. குண்டு போடற மேகசினைக் கழட்டி வெப்பாரு. ஸ்லைடை இழுத்து உள்ள எட்டிப் பாப்பாரு, எந்திரிச்ச சுத்தியைக் கீழ எறக்கி வெப்பாரு. மேசைக்கு அந்தப் பக்கம் தீயணைக்கற மணல் வாளி ஒண்ணு தொங்கும், அதைப் பாத்து ஒருக்கா டிரிக்கரை இழுப்பாரு. வெறும் சத்தம் வரும். நோட்டுல காலின்னு எளுதி ரசீது கிளிச்சுக் குடுப்பாரு. ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டு ஒரே வார்த்தை சொல்லுவாரு. உங்க துப்பாக்கியை இழுக்க ரெண்டு ஆளு வேணும் மில்லுக்காரரேம்பாரு.

கனமான டிரிக்கருங்களா, அவரு கை நோட்டு மேல இருந்து கெளம்பறப்பவே இழுக்க ஆரம்பிச்சிருவாரு. வாளிகிட்டப் போயிச் சேரவும் இழுப்பு முடியவும் சரியா இருக்கும். அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. அதுக்கு அப்பறந்தான் ராத்திரியெல்லாம் படுத்து ரோசனை பண்ணி, அவரு கை எப்பிடிப் போச்சுன்னு நானே இந்த மேசையில செஞ்சு பாத்து, புரிஞ்சுக்கிட்டேன்.

லேசாக்கின பொறவு வந்த எலெக்சன்ல என்னாச்சுன்னா, குண்டு ஒரு ரவுண்டு உள்ள ஏறியே இருந்துச்சுங்க. வசந்தாமணிக்கு ஸ்லைடு இழுக்க வராதில்லீங்க, அதனால எப்பவும் ஒண்ணை ஏத்தி, சுத்தியை எறக்கித்தான் பீரோ மேல்தட்டுல வெச்சிருந்தேன். டேசனுக்குக் கெளம்பற அவசரத்துல மேகசினைக் கழட்டித் தனியாப் பையில போட்டேன். உள்ள இருந்ததை மறந்துட்டேன். மறதிதானுங்க. வயசாகுது, சர்க்கரை வேற.

அன்னைக்கு டேசன்ல பதினோரு பேரு வரிசை. எஸ்டேட்டுக்காரங்க, பழைய எம்.எல்.ஏ. ஒருத்தரு, எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு, எல்லாரும் கையில துப்பாக்கி. மேல ஆபீசுல இருந்து போன் மேல போன். எத்தனை வந்துச்சு, எத்தனை பாக்கின்னு. ஏட்டையா ஒரு காதுல போனை இடுக்கிக்கிட்டே எளுதறாரு. மேசைக்கும் வாளிக்கும் நடுவுல கொஞ்சம் ஒதுங்கி, கம்ப்யூட்டர் முன்னால தேன்மொழின்னு ஒரு போலீஸ்காரப் பொண்ணு உக்காந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருந்துச்சு. இருபத்தாறு வயசு இருக்கும். நமக்கெல்லாம் டீ சொல்லிவிட்டதே அந்தப் பொண்ணுதான். எம்பட முறை வந்துச்சு. வாங்க மில்லுக்காரரே, காலிங்களாங்கறாரு. காலிங்க ஏட்டையாங்கறேன். மேகசின் கழட்டி இருக்கறதைப் பாத்தாரு. ஸ்லைடை இழுக்கலைங்க. பத்து வருசத்துல முதல் தடவையா இழுக்கலை. போனு காதுல இருக்குது, எம்பட வார்த்தை இருக்குது, போதுமுன்னு நெனச்சிருப்பாரு. கை வாளிக்குக் கெளம்புச்சு.

பழைய கனத்துக்குத்தானுங்க அவரு இழுத்தாரு. கை வாளிக்குப் பாதி வளிகூடப் போகலை.

சத்தம் கேட்டு நான் உக்காந்துட்டேன். கண்ணைத் தொறந்தா அந்தப் பொண்ணு மேசை மேல சாஞ்சு கெடக்குது. வலது தோள்பட்டை. குண்டு எலும்பைத் தொளைச்சுட்டு அந்தப் பக்கம் சொவத்துல ஏறியிருந்துச்சு. ஏட்டையா பிஸ்டலை மேசை மேல வெச்சுட்டு ஓடிப் போயி அந்தப் பொண்ணைத் தூக்கினாரு. அவருதான் ஜீப்புல மடியில போட்டுக்கிட்டுப் போனாரு. உசுருக்கு ஒண்ணும் ஆகலைங்க, அந்தச் சாமிக்குக் கோடி கும்பிடு. இப்பவும் வேலையிலதான் இருக்குது. கை மட்டும் தோளுக்கு மேல ஏறாது. தலை சீவ முடியாது, கல்யாணமாகியும் இன்னும் அவங்கம்மாதான் சீவி விடுது.

ஆசுபத்திரிக்கு மூணாம் நாளு போனேன். சொல்லிரலாமுன்னுதான் போனேன், பொய் சொல்லலை. ஏட்டையா அந்த வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்தாரு. மூணு நாளா அந்த எடத்தை விட்டு எந்திரிக்கலைன்னு நர்சம்மா சொல்லுச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்து எம்பட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. மில்லுக்காரரே, உங்க பேரையும் இதுல இளுத்து விட்டுட்டேனே, மன்னிச்சிருங்கன்னு அளுகறாரு. எங்கிட்டப் போயி மன்னிப்புங்க. நான் என்ன பண்ணட்டும்? ஒரு பெரிய மனுசன் நம்ம கையைப் புடிச்சு அளுதா ஆறுதல்தான சொல்ல முடியும். விடுங்க ஏட்டையா, மனுசன் விரல்தான, எப்பவாச்சும் அவசரப்பட்டுரும்னேன்.

ஆறுதலுக்குத்தானுங்க சொன்னேன். அந்த மனுசன் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. ஆமா மில்லுக்காரரே, விரல்தான் அவசரப்பட்டுருச்சு, இருபத்தாறு வருச சர்வீசுல இந்த விரலு எனக்குத் துரோகம் பண்ணினதில்லை, எப்பிடிப் பண்ணுச்சுன்னே தெரியலைன்னு அந்த விரலைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். உள்ள இருந்து டாக்டரு வந்துட்டாரு.

பிஸ்டலைச் சோதனைக்கு அனுப்பிச்சாங்க. அந்த ரெண்டு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாகராசு கையை வெச்சது தெரிஞ்சா லைசென்ஸு போயிரும், கேசு வரும், ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. கடைசியில என்ன வந்துச்சு தெரியுங்களா? துப்பாக்கி நல்லா இயங்குகிறதுன்னு ஒரே வரி. சுடுதா சுடலையான்னுதான் அவங்க பாத்திருக்கறாங்க. எத்தனை லேசாச் சுடுதுன்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேனுங்க. நீங்க சிரிக்காதீங்க.

பொறவு டிப்பார்ட்மெண்டு விசாரணை. என்னையும் சாட்சியாக் கூப்பிட்டாங்க. நான் ஏட்டையாவைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லலை. தங்கமான மனுசரு, பத்து வருசமாத் தெரியும்னு சொன்னேன். கேட்ட அதிகாரியே, பரவாயில்லை, பெருந்தன்மையா பேசறீங்கன்னாரு. ஏட்டையா சொன்னதை நான் பின்னால காப்பி வாங்கிப் பாத்தேன். ஒப்படைத்தவர் துப்பாக்கி காலி என்று உம்மிடம் சொன்னாரான்னு ஒரு கேள்வி. அவரு பதிலு, அவர் எதுவும் சொல்லவில்லை.

இன்னொருக்கா படிச்சுப் பாத்தேன். நான் சொன்னனுங்களே. பதினோரு பேரு முன்னால சொன்னேன். நேரா அவருகிட்டப் போயி, ஏனுங்க ஏட்டையா இப்பிடி எளுதிக் குடுத்தீங்கன்னேன். எங்க வேலையில குடுக்கறவரு வாய் வார்த்தைக்கு மதிப்பில்லைய்யா, நானாத்தான் பாக்கணும், நான் பாக்கலை, அதுல உங்களை எதுக்கு இளுக்கணும், தோட்டத்துல அம்மா தனியா இருக்காங்க, துப்பாக்கி போயிட்டா என்ன பண்ணுவாங்கன்னாரு. அதனாலதான் பிஸ்டலு எங்கிட்டவே திரும்பி வந்துச்சு. எம்பட பொண்டாட்டிக்காக அந்த மனுசன் பொய் சொல்லியிருக்கறாரு தம்பி. அந்த முதல் நாளுக்கு அப்பறம் அவ அந்தப் பிஸ்டலைத் தொட்டதுகூட இல்லை.

ரெண்டு மாசத்துல தோள்ல நட்சத்திரம் ஏற வேண்டியவரு, எஸ்.எஸ்.ஐ. ஆயிருப்பாரு. நின்னு போச்சு. அதுகூடப் போகட்டுமுங்க. வருசா வருசம் போலீஸ்காரங்களுக்குச் சுடற பயிற்சி உண்டு. அந்த வருசம் ரைபிளைக் கையில குடுத்தா வாங்க மாட்டேனுட்டாரு. இந்த விரலை நான் நம்ப மாட்டேன்னு அத்தனை பேரு முன்னால சொல்லியிருக்கறாரு. மெமோ குடுத்தாங்க. அவரு வேலையை எளுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு.

போன தை மாசம் அவரு பேத்திக்கு ஞானஸ்நானம். பொள்ளாச்சி சர்ச்சுலதான். நானும் வசந்தாமணியும் போயிருந்தோம். கொளந்தையை எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்கறாங்க. தாத்தா கையில குடுங்கன்னு அவரு மக கொண்டாந்து நீட்டுது. அவரு இடது கையை மட்டும் நீட்டி, இப்பிடி நெஞ்சோட அணைச்சு வாங்கிக்கிட்டாரு. வலது கையை வேட்டி மடிப்புக்குள்ள விட்டுக்கிட்டாரு. கொளந்தை நெளியுது, நளுவுது, மக பதறுது, அப்பவும் அந்தக் கையை வெளிய எடுக்கலை. அப்பா எப்பவும் அப்பிடித்தாங்க, அந்தக் கையில கொளந்தையைத் தொடவே மாட்டாருன்னு அந்தப் பொண்ணு எம்பட சம்சாரத்துக்கிட்டச் சாதாரணமாச் சொல்லுச்சு.

டிரிக்கரை லேசாக்கினது வசந்தாமணிக்குத்தான் தெரியுமே. வீட்டுக்கு வந்ததும், நீங்க சொல்றீங்களா நான் சொல்லட்டுமான்னா. நான் என்ன பண்ணினேன், அவ கையைப் புடிச்சு எம்பட தலை மேல வெச்சு, சொன்னா நான் செத்ததுக்குச் சமமுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவ பண்ணின சத்தியத்தை மீற மாட்டா. மறுநாளு திருப்பூர்ல மக வீட்டுக்குப் போனவதான். பேரனுக்குப் பரிச்சை, முடிச்சுட்டு வர்றேன்னா. பரிச்சையெல்லாம் முடிஞ்சு போச்சு, பள்ளிக்கூடமும் தொறந்துட்டாங்க. இப்ப சாளையில நானும் அந்தப் பிஸ்டலுந்தான்.

இருங்க தம்பி, ஒண்ணு திருத்திக்கறேன். மறந்துட்டேன்னு சொன்னேன் பாருங்க, உள்ள இருந்த ரவுண்டை. வீட்டுல மறந்தது நெசம். டேசனுக்குப் போற வளியில ரயில் கேட்டு போட்டிருந்தாங்க. அங்க கார்ல சும்மா உக்காந்திருக்கறப்ப ஞாபகம் வந்துருச்சுங்க. பளிச்சுன்னு வந்துச்சு. ரோட்டுல சனங்க நிக்கறாங்க, அங்க வெச்சு எடுக்க முடியாது. டேசன்ல போயி ஏட்டையாகிட்டச் சொல்லிக்கலாம், அவரு எடுத்துக்குவாருன்னு நெனச்சேன். போனா வரிசை. முன்னால பழைய எம்.எல்.ஏ., பின்னால எம்பட பங்காளி. இத்தனை பேரு முன்னால, குண்டு போட்டபடி டேசனுக்குள்ள கொண்டாந்திருக்கறேன்னு எப்பிடிங்க சொல்றது. என்ன ஆளுய்யா இவன், இவனுக்கு ஒரு லைசென்ஸுன்னு பங்காளி ஊரெல்லாம் சொல்லுவான். ஏட்டையாதான் எப்பவும் ஸ்லைடை இழுத்துப் பாப்பாரே, குண்டு வெளிய விளுந்தா, அடடே இருந்துச்சுங்களான்னு சிரிச்சுக்கலாமுன்னு இருந்தேன். அவரு கேட்டாரு. காலின்னு வாயில வந்துருச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன் தம்பி. இதை வசந்தாமணிகிட்டக்கூடச் சொன்னதில்லை. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னே தெரியலை.

கல்லு மனசுக்காரன்னு நெனச்சுக்காதீங்க. நான் அவருக்குச் செய்யாததா. பண்டிகைக்குப் பண்டிகை தேங்கா, இளநி, அரிசி எல்லாம் போயிரும். தேன்மொழிப் பொண்ணு கல்யாணத்துக்கு நானே முன்னால நின்னேன். ஊருல கேட்டுப் பாருங்க, மயில்சாமி மாதிரி ஆளு உண்டான்னுதான் கேப்பாங்க. அவரும் அதைத்தான் சொல்றாரு. எல்லாரும் என்னையக் குத்தவாளியாட்டப் பாத்தாங்க, நீங்க ஒருத்தருதான் மில்லுக்காரரே என்னைய மனுசனா வெச்சுப் பேசினீங்கன்னு. வாராவாரம் ஞாயித்துக்கிளமை சர்ச்சு முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவாரு. நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்த நாற்காலியிலதான் உக்காருவாரு. ஒரு மணி நேரம் இருப்பாரு. அந்த நாளையே திரும்பத் திரும்பப் பேசுவாரு. எங்க தப்பு பண்ணினேன், கை எங்க இருந்துச்சு, விரலு ஏன் முந்துச்சுன்னு. நான் ஆமாங்க, ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். உங்ககிட்டப் பேசிட்டுப் போனாத்தான் ஒரு வாரம் தாங்குது மில்லுக்காரரேன்னுட்டுப் போவாரு.

ஒரு வார்த்தைதானுங்க. உங்க விரல் மேல தப்பில்லை ஏட்டையா, நான் டிரிக்கரை மாத்தி வெச்சிருந்தேன். அத்தனைதான். கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்திருக்கறேன், நல்லா வருது. அவரு மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது. அவரு சத்தம் போடுவாருன்னு பயமில்லைங்க. சத்தம் போட மாட்டாரு. அப்பிடிங்களா மில்லுக்காரரேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாரு, பொறவு வரமாட்டாரு. அதுதானுங்க எனக்குப் பயம். வசந்தாமணியும் இல்லை, இந்த ஒரு மனுசன் வர்றதும் நின்னு போச்சுன்னா.

தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா. இன்னைக்கும் ஞாயித்துக்கிளமைதான், இன்னுங் கொஞ்ச நேரத்துல அவரு வந்துருவாரு. நீங்க உடுமலைக்காரரு. இன்னைக்கு வந்தீங்க, இன்னைக்கே போயிருவீங்க. அவரு உங்களுக்கு யாரோ, நீங்க அவருக்கு யாரோ. படிச்சவரு, பதமாப் பேசத் தெரியும். இந்த மாதிரி ஒரு பிஸ்டலு, டிரிக்கரை லேசாக்கி வெச்சிருந்தா கைப்பளக்கம் இருக்கற ஆளுக்கே தெரியாமச் சுட்டுரும், விரலு மேல தப்பில்லைன்னு பொதுவாச் சொன்னாப் போதும். அவரு புத்திசாலி, மிச்சத்தைப் புரிஞ்சுக்குவாரு. எம்பட பேரைச் சொல்லோணுமுன்னுகூட இல்லைங்க. சொன்னாலும் பரவால்லை. நான் அந்நேரத்துக்கு இங்க இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இல்லீங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. அட்ரஸ் இன்னும் எளுதித் தரலையே. நீங்க அதுக்குத்தான இத்தனை தூரம் வந்தீங்க.

மொபெட்டு சத்தம் கேக்குது பாருங்க. இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாரு. நான் சொன்னதை நெனப்புல வெச்சுக்கோங்க, விரலு மேல தப்பில்லைங்கறதை மொதல்ல சொல்லிருங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

வாங்க ஏட்டையா, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, உக்காருங்க. இவரு உடுமலைக்காரரு. உங்ககிட்ட என்னமோ சொல்லோணுமாமுங்க. பேசிக்கிட்டு இருங்க ரெண்டு பேரும், நான் போயி எளநி வெட்டிக்கிட்டு வந்தர்றேன்.